பருவும் பத்தியமும்

 

நிஸ்வான் மதரஸாவில் பாடம் நடத்துபவளிடம் மாணவிகள் கேட்கும் கேள்விகள் தொழுகை, நோன்பு, ஹைளு காலச் சட்டங்கள் ஆகியவற்றைச் சுற்றியே இருக்கும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். வகுப்பில் கேட்கப்படுபவை அவைதாம். வகுப்பு முடிந்து, மற்றப் பிள்ளைகள் எழுந்து சென்றபின், தூணோரம் தயங்கி நிற்கும் ஒருத்தி கேட்பது வேறு. 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் என்னிடம் தனியாக வந்து கேட்டவற்றை எண்ணிப் பார்த்தால், முகப்பருவைப் பற்றிய கேள்விகளே மிகுதி.

“பருவைக் கிள்ளி சீழ் வந்துட்டா ஒளூ முறியுமா உஸ்தாதா?” என்பது ஒன்று. இதற்கு மத்ஹபு வாரியாக விடை உண்டு. ஹனஃபி சட்டப்படி சீழோ இரத்தமோ வெளிப்பட்டு வழிந்தால் ஒளூ முறியும். ஷாஃபிஈ சட்டப்படி முறியாது. எங்கள் வகுப்பில் ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர்ப் பக்கத்து ஹனஃபி வீட்டுப் பிள்ளைகளும், அதிராம்பட்டினத்து ஷாஃபிஈ வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்கிறார்கள். பருவைக் கிள்ளாமல் இருப்பதற்கு ஹனஃபிப் பிள்ளைகளுக்கு ஒரு காரணம் கூடுதல் என்று சொன்னால் சிரிப்பார்கள். களிம்பு பூசியிருந்தால் ஒளூ கூடுமா என்பது இன்னொன்று. தோலில் ஊறி மறைந்துவிடும் களிம்பு தண்ணீரைத் தடுக்காது. மெழுகுபோல் படலமாக நிற்பதைக் கழுவிவிட்டே ஒளூ செய்ய வேண்டும். இவை எளியவை.

மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். நான் படித்த எந்த ஃபிக்ஹ் நூலிலும் அதற்கு விடை இல்லை. “நான் எதைத் தின்னதால இது வந்துச்சு?”

சென்ற ஆண்டு எங்களிடம் சேர்ந்த ஒரு மாணவிக்கு வயது 15. அத்தா வெளிநாட்டில், வீட்டில் அம்மாவும் நன்னிம்மாவும். பெண்கள் மட்டுமே இருக்கும் வகுப்பறையிலும் அவள் நிகாபைக் கழற்றுவதில்லை. பேணுதல் மிக்க பிள்ளை என்று முதலில் எல்லோரும் மெச்சினார்கள். உணவு நேரத்தில் அவள் சுவரைப் பார்த்து அமர்வதைக் கண்ட பிறகுதான் காரணம் விளங்கிற்று. கன்னங்கள் இரண்டிலும், தாடையோரத்திலும் சிவந்த, வலியுள்ள பருக்கள். அவற்றை மறைக்கவே அந்தத் திரை.

அவளை வாட்டியது பருவின் வலி மட்டுமன்று. நம் வீடுகளில் புழங்கும் ஒரு பேச்சு உண்டு. ஐவேளையும் ஒளூ செய்து தொழுகிறவர்களின் முகத்தில் ஒரு நூர் தெரியும் என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் பரு நிறைந்த முகத்தோடு கண்ணாடி முன் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எப்படிப் போய்ச் சேரும்? தன் தொழுகையில் ஏதோ கோளாறு, தன் ஒளூவில் ஏதோ குறை, அல்லாஹ் தன்னை வெறுக்கிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். திங்களும் வியாழனும் நஃபில் நோன்பு வைத்தாள். நோன்பு வைத்தால் இரத்தம் சுத்தமாகி முகம் தெளியும் என்று உறவுக்காரப் பெண் ஒருவர் சொல்லியிருந்தாராம்.

அவளுடைய அம்மா ஒரு வெள்ளிக்கிழமை பார்க்க வந்தபோது என்னைத் தனியாக அழைத்தார். “உஸ்தாதா, முட்டை, மீனு, வேர்க்கடலை எதையும் அவளுக்குக் கொடுக்க வேணாம்னு சமையல்கார அக்காகிட்ட சொல்லிவைங்க. எல்லாம் சூடு. நாளைக்கிப் பொண்ணு பாக்க வர்றவங்க மூஞ்சியைப் பாத்து என்ன சொல்லுவாங்க?” முட்டை, மீன், கருவாடு, வேர்க்கடலை, ஆட்டுக்கறி, தேங்காய், மாம்பழம், கத்தரிக்காய் எல்லாம் பல மாதங்களாக அந்தப் பிள்ளைக்கு விலக்கு. எஞ்சியது என்ன? வெள்ளைச் சோறு, ரசம், அப்பளம். காலையும் மாலையும் சர்க்கரை போட்ட தேநீர். அதில் நனைத்துத் தின்ன பிஸ்கட்டோ ரஸ்க்கோ. இவற்றை யாரும் விலக்கவில்லை. இவை சூடு அல்லவாம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். அரசு மருத்துவமனையில் இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழகத்தின் நிலையும் அதுவே. அரசுப் பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். பள்ளியை நிறுத்திவிட்டு மதரஸாவில் மட்டும் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அதுவும் கிட்டாமல் போய்விடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையையும் மீனையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

பத்தியம் என்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு நபிவழியிலேயே சான்று உண்டு. அபூதாவூதிலும் திர்மிதியிலும் உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அவர் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் வருகிறார்கள். அலீ (ரலி) அப்போதுதான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்குகின்றன. நபியவர்கள் அதிலிருந்து உண்கிறார்கள். அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, உடல் இன்னும் தேறவில்லை என்று சொல்லித் தடுக்கிறார்கள். பிறகு அந்தப் பெண்மணி வாற்கோதுமையும் ஒருவகைக் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவர, அதை உண்ணுமாறு அலீயிடம் கூறுகிறார்கள். ஹலாலான, மிக நல்ல ஓர் உணவை ஒருவரின் உடல்நிலை கருதி நிறுத்தி, அவருக்கு ஏற்ற இன்னோர் உணவைக் காட்டிக்கொடுத்தது இது. நிறுத்தியதோடு நிற்கவில்லை, தட்டில் வேறொன்றும் வந்தது என்பதைக் கவனியுங்கள். இந்தச் செய்தியைக் கொண்டு இன்றைய ஊட்டச்சத்து அறிவியல் முழுவதையும் ஹதீஸிலிருந்தே எடுத்துக்காட்டி எழுதுவோர் உண்டு. நான் அந்த வழிக்குப் போகமாட்டேன்.

அறியாமல் சொல்லும் மருத்துவத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பயணத்தில் கல்பட்டுத் தலையில் காயமடைந்த ஒருவருக்குக் குளிப்பு கடமையாகிவிடுகிறது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்கிறார்கள். குளிக்கிறார், இறந்துவிடுகிறார். செய்தி நபியவர்களை எட்டியபோது, தெரியாத நிலையில் கேட்டறிந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கடிந்துகொண்டதாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. மார்க்க விஷயத்தில் சொன்ன தவறான தீர்ப்புக்கே அப்படியென்றால், மருத்துவ விஷயத்தில் நாம் அள்ளி வீசும் தீர்ப்புகள் எம்மாத்திரம்! எனவே நான் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரு என்றால் என்ன? முகத்திலும் முதுகிலும் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் ஆண், பெண் இருபாலரின் உடலிலும் ஆன்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் இந்தச் சுரப்பிகள் மிகுதியாக எண்ணெயைச் சுரக்கும். கூடவே மயிர்க்காலின் வாயில் உதிரும் தோல்செல்கள் அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய எண்ணெயில், நம் எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா பெருகும். அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கோக்கும். இதில் அழுக்குக்கு வேலையே இல்லை. வெளியிலிருந்து எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் உள்ளே இருக்கும் அடைப்பு போகாது. தேய்ப்பதால் புண்தான் கூடும். வளரிளம் பருவத்தினரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஓரளவேனும் பரு வந்துபோகும் என்பர் தோல் மருத்துவர்கள். தொழுபவருக்கும் வரும், தொழாதவருக்கும் வரும். தாய் தந்தைக்கு இளமையில் கடுமையாக வந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் உணவுக்குத் தொடர்பே இல்லையா? மருத்துவ உலகம் வெகுகாலம் இல்லை என்றே சொன்னது. 1969 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 65 பேருக்கு, ஒரு கட்டத்தில் சாக்லேட் செறிந்த கட்டிகளையும், மறு கட்டத்தில் சாக்லேட் இல்லாத கட்டிகளையும் கொடுத்துப் பார்த்தனர். பருவில் வேறுபாடு இல்லை. பருவுக்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்று பாடப்புத்தகங்கள் எழுதலாயின. ஆனால் அந்தச் சாக்லேட் இல்லாத கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தன. சாக்லேட் குற்றவாளியா என்பதைத்தான் அந்த ஆய்வு சோதித்தது; சர்க்கரையை அது விசாரிக்கவே இல்லை.

2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தக் கேள்வியை மீண்டும் திறந்தது. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிடாவா என்னும் தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தனர். அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். ஒருவர் முகத்திலும் பரு இல்லை. பராகுவே நாட்டுக் காடுகளில் வாழும் ஆச்சே மக்கள் 115 பேரிடமும் அதே நிலை. கிடாவா மக்கள் உண்பது சேனை, சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகள், பழங்கள், தேங்காய், மீன். சர்க்கரையும் மாவுப் பண்டங்களும் அவர்களிடம் மிகக் குறைவு. அவர்களுடைய மரபணுவே காரணமாக இருக்கலாம் என்று மறுத்தோரும் உண்டு. அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் மீனும் தேங்காயும் அன்றாடம் உண்ணும் ஒரு கூட்டத்தாரிடம் பருவே இல்லை என்பது நம் வீட்டுப் பத்தியக்காரர்கள் கேட்க வேண்டிய செய்தி.

2007 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 15 முதல் 25 வயதுள்ள 43 இளைஞர்களிடம் 12 வாரம் ஓர் ஒப்பீடு நடந்தது. ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை விரைவாக ஏற்றாத தானியமும், கூடுதல் புரதமும். மறு பிரிவினருக்கு வழக்கமான உணவு. முதல் பிரிவினரிடம் பருக்களின் எண்ணிக்கை சராசரியாக 23.5 குறைந்தது, மறு பிரிவினரிடம் 12. முதல் பிரிவினரின் உடல் எடையும் குறைந்ததால் எது எதனால் என்று பிரித்தறிவது கடினம். எனினும் திசை தெரிகிறது. சர்க்கரையும் மிக நுண்ணிதாகத் தீட்டிய மாவும் இரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றுகின்றன. அதை அடக்க இன்சுலின் பெருகுகிறது. இன்சுலினும், அதன் உறவான ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியும் ஆன்ட்ரோஜன்களை உசுப்புகின்றன. எண்ணெய்ச் சுரப்பி மேலும் சுரக்கிறது. உணவு பருவை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே எரியும் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இங்கே நம் ஊர்ச் சோற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. காவிரிக் கரையில் பிறந்தவர்களிடம் சோற்றைக் குறைசொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். நானும் மூன்று வேளை சோறு தின்று வளர்ந்தவள்தான். அரிசியெல்லாம் ஒன்றல்ல என்பதே இதில் அறிய வேண்டியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் 235 நெல் வகைகளை ஆராய்ந்து 2012 இல் அறிவித்தபடி, இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு 48 இலிருந்து 92 வரை வகைக்கு வகை மாறுகிறது. 55 வரை குறைவு. 70 உம் அதற்கு மேலும் உயர்வு. நாம் விரும்பி உண்ணும் பொன்னியும் சோனா மசூரியும் உயர்ந்த பிரிவில் வருவதாகச் சென்னையிலுள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வு காட்டியது.

ஜூன் 12 இல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று நம் வயல்கள் ஓய்வதில்லை. ஆனால் நம் வயலில் விளைந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. நம் உலைக்கு வருவது வேறெங்கோ அரைத்து, தவிடு போக வெள்ளை வெளேரெனத் தீட்டி, மூட்டையில் வரும் அரிசி. என் நன்னிம்மா காலத்தில் வீட்டிலேயே நெல்லை அவித்துக் காயவைத்து ஆலைக்கு அனுப்பினார்கள். புழுங்கலரிசி பொதுவாகப் பச்சரிசியைவிட மெல்லச் சர்க்கரையை ஏற்றுவது. இரவு நீரூற்றி வைத்த பழைய சோற்றில் மாவுப்பொருளின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறிவிடுவதால் அதன் வேகமும் சற்றுக் குறையும். இதனால் மாப்பிள்ளைச் சம்பா, கவுனி என்று பாரம்பரிய நெல்லுக்கு மாறினால் பரு போய்விடும் என்று சிலர் விற்கிறார்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி அந்த விதைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் (2018 இல் காலமானார்) செய்த பணி பெரிது. ஆனால் அந்த அரிசி பருவைக் குணமாக்கும் என்று யாரும் சோதித்து நிறுவியதில்லை. ஒரு மதரஸாவுக்கு அதை மூட்டைக் கணக்கில் வாங்கும் வசதியும் இல்லை. அதே புழுங்கல் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றை ஒரு கரண்டி கூட்டினாலே தட்டின் கணக்கு மாறிவிடும். வயிற்றை மூன்றாகப் பகுத்து உண்ணச் சொன்ன நபிமொழியை நாம் ஓதுகிறோம். பிரியாணி சட்டியின் முன் அமரும்போது மறந்துவிடுகிறோம்.

சோற்றைவிடச் சர்க்கரைதான் எனக்குக் கவலை. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நலம் என்கிறது. நம் வீட்டுப் பிள்ளை மூன்று வேளை தேநீரில் இரண்டிரண்டு தேக்கரண்டி போட்டுக் குடித்தாலே அந்தக் கணக்கு முடிந்தது. பிஸ்கட், கேக், ரோஸ்மில்க், குளிர்பானம், கல்யாண வீட்டுத் தம்ரூட் எல்லாம் அதற்கு மேல். வெளிநாட்டிலிருந்து அத்தா வரும்போது பெட்டி நிறைய வரும் சாக்லேட்டைச் சொல்லவே வேண்டாம். அன்பு இனிப்பாகத்தான் வந்து இறங்குகிறது, என்ன செய்ய?

பாலைப் பற்றியும் கேட்கிறார்கள். 2005 இல் அமெரிக்கச் செவிலியர் 47,355 பேரிடம் அவர்களுடைய பள்ளிப்பருவ உணவைக் கேட்டறிந்த ஆய்வில், பால், குறிப்பாக ஆடை நீக்கிய பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்று மிகுதியாகக் காணப்பட்டது. பழைய நினைவிலிருந்து சொன்னவை என்பதால் இதை உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது. இதைப் படித்துவிட்டு வளரும் பெண்ணின் பாலை நிறுத்திவிடாதீர்கள். பாலில் கலக்கும் பொடியைத்தான் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இணையவழி விற்பனையாளர்கள் இத்தகைய பொடிகளை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மகன்கள் குடிக்கும் மோர்ப்புரதப் பொடியாலும் பரு கிளம்புவதை மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர்.

முட்டை, வேர்க்கடலை, மீன் ஆகியவற்றின்மேல் இத்தகைய சான்று எதுவும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வரும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் உள்ள கொழுப்பு அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது. அதனால் பரு குறையும் என்பதற்கு இருக்கும் சான்று சிறிது. கூடும் என்பதற்கு ஒன்றுமில்லை. குறிப்பிட்ட ஒன்றைத் தின்றால் தன் முகத்தில் மட்டும் கிளம்புகிறது என்று ஒருத்தி மீண்டும் மீண்டும் கண்டால், அதை மட்டும் சில வாரம் விட்டுப் பார்க்கலாம். ஹலாலாக்கப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றையே பிள்ளைக்குத் தடைசெய்துவைக்க நமக்கு யார் அனுமதி தந்தார்?

பெண்பிள்ளைகளின் தாய்மார்கள் இதைக் குறிப்பாகப் படிக்க வேண்டும். சில பிள்ளைகளின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட்போல் தடித்திருக்கும். அழுக்கென்று எண்ணி பீர்க்கங்காய் நாரால் தேய்த்தே புண்ணாக்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதோடு கடுமையான பரு, தாடையில் முரட்டு முடி, இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் ஹைளு ஆகியவையும் இருந்தால், நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் சினைப்பைக் கோளாறாக இருக்கக்கூடும். மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்யாணம் எந்த நோய்க்கும் மருந்தாக எந்தக் கிதாபிலும் எழுதப்படவில்லை.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ‘வெள்ளையாக்கும்’ களிம்புகளைப் பற்றி ஒரு சொல். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. பூசிய சில நாளில் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முன்னைவிட மோசமாகப் பரு வெடிக்கும், நிறுத்தினால் எரியும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவையாக்கியது. ஆணை தில்லியில் இருக்கிறது. களிம்பு நம் தெருமுனைக் கடையில் இருக்கிறது.

அந்த மாணவியைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்படி அவள் அம்மாவிடம் சொன்னேன். அழைத்துச் சென்றார். இரவில் பூச ஒரு ஜெல்லும் சில வாரம் சாப்பிட மாத்திரையும் கொடுத்தார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், முதலில் தோல் வறண்டு எரியலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கிற்று. முட்டையும் மீனும் அவள் தட்டுக்குத் திரும்பின. இரத்தம் ஏறும்வரை நஃபில் நோன்பை நிறுத்திவைக்கச் சொன்னேன். அதற்கு அவள் தயங்கினாள். நோயாளிக்கு ரமலானின் கடமையான நோன்பிலேயே சலுகை தந்திருக்கும் ரப்பு, நஃபிலில் உன்னை நெருக்குவானா என்று கேட்டேன். நூரைப் பற்றியும் பேசினோம். ஜுலைபீப் (ரலி) அவர்களின் வரலாற்றை அன்று வகுப்பு முழுவதற்குமே பாடமாக எடுத்தேன். பார்வைக்கு அழகற்றவர் என்று மக்கள் ஒதுக்கிய அந்தத் தோழர் போர்க்களத்தில் ஷஹீதானபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைத் தேடிக் கண்டெடுத்து, தம்மைச் சேர்ந்தவர் என்று கூறித் தம் கைகளிலேயே ஏந்திச் சென்றார்கள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மாதத்தில் புதிய பருக்கள் பெருமளவு குறைந்தன. தழும்புகள் இருக்கின்றன. ஜெல்லினாலா, தேநீரில் குறைந்த சர்க்கரையாலா, வயதினாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. பெரும்பங்கு மருந்துக்கே என்பது என் எண்ணம். வகுப்பில் நிகாபைக் கழற்றிவைக்கிறாள். அதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

மதரஸா சமையலறையிலும் சில மாற்றங்கள் செய்தோம். ஊர்க்காரர்களின் நன்கொடையில் நடக்கும் சமையலறை அது. அகீகாவா, வலீமாவா, மௌத்தான வீட்டுச் சதகாவா, ஒரு சட்டி பிரியாணியோ நெய்ச்சோறோ வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மாலை பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, ஒருநாள் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒருநாள் அவித்த வேர்க்கடலை, ஒருநாள் கொய்யா என்று வைத்தோம். தேநீரில் சர்க்கரையை மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துப் பாதியாக்கினோம். ஒரே நாளில் குறைத்திருந்தால் பிள்ளைகள் கலகம் செய்திருப்பார்கள். உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுக்கிறோம். முருங்கைக்கீரை வாரம் இருமுறை. கொல்லையில் மரம் இருப்பதால் செலவில்லை. முட்டைதான் செலவு.

ரமலானில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நோன்புக் கஞ்சியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, அவசியமும் இல்லை. பச்சரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சிறிது கறியும் சேர்ந்து வேகும் அது நல்ல உணவு. அதைச் சுற்றி அணிவகுக்கும் சமோசா, பஜ்ஜி, சர்க்கரை போட்ட கடல்பாசி, ரோஸ்மில்க் ஆகியவைதாம் கணக்கை ஏற்றுபவை. பேரீச்சம்பழம் மூன்று, கஞ்சி ஒரு கோப்பை, தண்ணீர்; மக்ரிபு தொழுதபின் மற்றவை. இப்படிச் செய்தாலே மற்றவற்றுக்கு வயிற்றில் பெரிதாக இடமிருக்காது.

முட்டைச் செலவுக்கு வழி சென்ற ஷவ்வாலில் பிறந்தது. மகன் வலீமாவுக்கு மதரஸாவுக்குப் பிரியாணி அனுப்பட்டுமா என்று கேட்ட ஒரு சகோதரியிடம், அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். சற்று வியந்தார், பிறகு பத்து அட்டை அனுப்பினார். அதைக் கேள்விப்பட்டு இன்னொரு வீட்டாரும் அனுப்பினார்கள். வாசலில் அட்டைகளை இறக்கிவைத்த ஆட்டோக்காரத் தம்பி, “என்ன டீச்சரம்மா, ஹோட்டல் தொறக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு, கடைசி அட்டையைத் தானே சமையலறைத் திண்ணைவரை கொண்டுவந்து வைத்தார். 300 முட்டையில் உடைந்தவை நான்கு. அவற்றை அன்றிரவே பொரித்துவிட்டோம்.